கத்துறது பெல்ட்டு, கெட்டது எதுவோ

சிந்தாதிரிப்பேட்டையில் கார் ரிப்பேருக்கு யோசனை கேட்க யாரையும் தேடிப் போக வேண்டாம். தெருவில் பானெட்டைத் திறந்து வைத்தால் போதும், டீ கிளாஸும் கையுமாக நாலு பேர் வந்து நின்றுவிடுவார்கள். எங்கள் மாருதி 800 காலையில் ஸ்டார்ட் ஆனதும் 'கீ...' என்று தெருவையே எழுப்ப ஆரம்பித்தது ஓர் ஐப்பசி மழையில். அப்போது இலவசமாகக் கிடைத்த வைத்தியங்கள் ஏராளம். பெல்ட்டில் துணி சோப்பைத் தேய், முகப்பவுடர் தூவு, மெழுகுவத்தியால் இழு, ஆயில் ரெண்டு சொட்டு விடு. கொஞ்சம் விவரமானவர்கள் பெல்ட்டை இறுக்கச் சொன்னார்கள். அதைவிட விவரமானவர்கள் மாற்றச் சொன்னார்கள். கடைசி இரண்டையும் ஓர் ஒர்க்‌ஷாப்பில் காசு கொடுத்துச் செய்தும் பார்த்தாயிற்று. புது பெல்ட் போட்டால் சில வாரம் அமைதி. அப்புறம் ஒரு மழை பெய்தால் பழையபடி கூச்சல்.

அப்பா ஓட்டிய வண்டி அது. ஏ.சி. இல்லாத ஸ்டாண்டர்ட் மாடல், பவர் ஸ்டீயரிங் கிடையாது. இன்ஜினுக்கு வெளியே ஓடுவது ஒரே ஒரு பெல்ட். கிராங்க் புல்லி அதைச் சுழற்றும். அது வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றும். மூன்று புல்லி, ஒரு வி பெல்ட், அவ்வளவுதான். இதில் கண்டுபிடிக்க முடியாதபடி அப்படி என்ன மர்மம் என்ற எரிச்சலில்தான் மேஸ்திரியிடம் போனேன். சரிபண்ணிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன்.

ஐயா முதலித் தெருப் பக்கம் ஒரு சந்தில் அவருடைய பட்டறை. தகரக் கூரை, இரண்டு வண்டி நிற்கும் இடம், சுவரெல்லாம் ஸ்பேனர். அம்பாசிடரும் பத்மினியும் ஓடிய காலத்திலிருந்து அப்பாவுக்குப் பழக்கம். நாற்பதைத் தொடப்போகிற என்னை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னாத்துக்கு பாப்பா உனுக்கு இந்த கிரீஸ் வேலை?" என்றார். பதில் சொல்வதற்குள் அவரே, "சரி, ஞாயித்துக்கெயம காலைல வா. துப்பட்டா வாணாம். வளையல், மோதரம் எல்லாத்தையும் கயட்டி வெச்சிட்டு வா" என்றார். ஓடுகிற பெல்ட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் விடும். அவர் பட்டறையில் வேட்டி கட்டியவர் ஓடும் வண்டிக்கு முன்னால் குனியவே கூடாது என்பது சட்டம்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பேட்டை சென்னையில் இல்லை என்று நினைக்கிறேன். அண்ணா சாலைக்கு ஏறினால் சிம்ப்சன் கட்டடம். 1840-ல் தொடங்கி, குதிரை வண்டிகள் கட்டிய நிறுவனம் அது. 1903-லேயே அங்கே நீராவிக் கார் ஒன்றைக் கட்டி மதராஸ் தெருவில் ஓட்டியிருக்கிறார்கள். சாலையைத் தாண்டி ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் புது ஸ்பேர் பார்ட்ஸ். கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை, உடைத்துப் பிரித்த வண்டிகளின் சந்தை. பம்பாயில் ரயில் ஓடுவதற்குப் பதினேழு வருஷம் முன்பு, 1836-ல், சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்துப் பக்கம் ஒரு துண்டுத் தண்டவாளம் போட்டுப் பரிசோதித்துப் பார்த்ததாக ரயில்வே சரித்திரம் சொல்கிறது. இந்த ஊருக்குச் சக்கரப் பைத்தியம் பழையது.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரைத் தொடவே விடவில்லை. ராத்திரி முழுக்க வெளியில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் நாலு பேரை வைத்துத் தள்ளிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஸ்டார்ட் பண்ணிவிட்டு வந்தால் சூடாகிவிடும், நோய் ஒளிந்துகொள்ளும். சாவியைப் போடச் சொன்னார். பானெட்டைத் திறக்க வேண்டாம், கேள் என்றார். கேட்டேன். கீ என்றது. ஒரு நிமிஷத்தில் அடங்கியது.

"ஏன் அடங்கிச்சு?"

எனக்குத் தெரியவில்லை. ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். திரும்பக் கத்தியது. அணைத்ததும் நின்றது. வைப்பரையும் ஹெட்லைட்டையும் சேர்த்துப் போட்டால் குரல் இன்னும் ஏறியது.

அவர் அதிகம் விளக்குகிற ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் கணக்குப் புரிந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் ஒவ்வொரு முறையும் பேட்டரியிலிருந்து பெரும் கரண்ட்டை உறிஞ்சிவிடும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அந்தக் கடனை ஆல்டர்னேட்டர்தான் அடைக்க வேண்டும். அந்த முதல் நிமிஷத்தில் அதைச் சுற்றுவது கடினம். கடன் அடைய அடையச் சுமை குறையும், பெல்ட் வழுக்குவது நிற்கும், சத்தமும் அடங்கும். லைட் போட்டால் மறுபடி சுமை. ஆக, காலையில் கத்தி அடங்குகிற வண்டியில் பெல்ட் ஆல்டர்னேட்டர் புல்லியில்தான் வழுக்குகிறது. மூன்று புல்லிகளில் அதுதான் மிகச் சிறியது. பெல்ட் அதைத் தழுவும் பரப்பும் குறைவு. வழுக்கலாம் என்றால் முதலில் அங்கேதான் வழுக்கும்.

வழுக்கினால் ஏன் சத்தம்? ரப்பர் ஒரேயடியாக வழுக்கிப் போவதில்லை. பிடிக்கும், நழுவும், மறுபடி பிடிக்கும். இது நொடிக்குப் பல நூறு தடவை நடக்கும். பிடில் வில் தந்தியைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நாதம் எழுப்புவதும் இதே வேலைதான். மயிலாப்பூர் சபாவில் காசு கொடுத்துக் கேட்கிறோம், தெருவில் காதைப் பொத்திக்கொள்கிறோம்.

மேஸ்திரி சத்தங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார். நீட்டி 'கீ...' என்றால் பெல்ட் தளர்வு அல்லது சுமை அதிகம். விட்டு விட்டு, குருவி மாதிரி 'கீச் கீச்' என்று, ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க அடுக்கடுக்காக வேகமெடுத்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. 'கரகர' என்றோ 'உர்ர்' என்றோ அடித்தொண்டையில் வந்தால் அது பெல்ட்டே இல்லை, பேரிங். மூன்றாவதைப் பிடிக்க நீளமான திருப்புளி ஒன்றைக் கொடுத்தார். நுனியை ஆல்டர்னேட்டர் உடம்பில், புல்லியிலிருந்து விலகி வைத்துக்கொண்டு, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்க வேண்டும். நன்றாகக் கேட்கிற நேரம் பார்த்துப் பறக்கும் ரயில் தலைக்குப் பின்னால் போகும். போய் முடியும்வரை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். 1995-ல் அந்த ரயில் வந்த பிறகு இந்தச் சந்தில் டியூனிங் பண்ணுவதே கஷ்டமாகிவிட்டது என்பது அவருடைய நிரந்தரப் புகார்.

என் காதுக்கு அந்தத் திருப்புளியில் லேசாகக் கரகரப்பு கேட்டது. அவரிடம் சொன்னேன். "அத்த மனசுல வெச்சிக்க" என்றார், அவ்வளவுதான்.

அடுத்து தண்ணீர் வைத்தியம். சலூனில் முடிக்கு அடிக்கிற மாதிரி ஒரு ஸ்பிரே பாட்டில். பெல்ட் கத்தும்போது, கை தூரத்தில் நின்று, பெல்ட்டின் உள்பக்கம் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. சத்தம் சில நொடி அடியோடு நின்று, காய்ந்ததும் திரும்பி வந்தால் நேர்கோடு தப்பியிருக்கிறது. உலகம் முழுக்க பெல்ட் கம்பெனிகள் தங்கள் மெக்கானிக்குகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சோதனை இது. மேஸ்திரி எந்தக் கையேட்டையும் படித்தவர் இல்லை. மழை நாளில் வரும் வண்டிகளைப் பார்த்தே கண்டுகொண்டதாகச் சொன்னார்.

எங்கள் வண்டி இரண்டு மாதிரியும் பதில் சொன்னது. லைட் இல்லாமல் தண்ணீர் அடித்தால் நின்று, பிறகு கீச் கீச் என்று வந்தது. லைட் போட்டு அடித்தால் நீட்டி அலறியது.

"ரெண்டு நோவு கீது" என்றார்.

எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஒரே நோய் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இதற்குப் பிறகுதான் பெல்ட்டைக் கழற்றினோம். சாவி என் ஜீன்ஸ் பாக்கெட்டுக்குள் போனது. வேலை செய்பவரிடம்தான் சாவி இருக்க வேண்டும், வேறு யாரும் தெரியாமல் கூட ஸ்டார்ட் பண்ணிவிடக் கூடாது. ஆல்டர்னேட்டரை ஒரு பக்கம் நீண்ட போல்ட் ஒன்று கீல் மாதிரி பிடித்திருக்கும். இன்னொரு பக்கம் நீள்துளை போட்ட ஒரு பட்டை, அதில் ஒரு போல்ட். இரண்டையும் தளர்த்தி ஆல்டர்னேட்டரை இன்ஜின் பக்கம் தள்ளினால் பெல்ட் தொங்கிவிடும், கையால் எடுத்துவிடலாம். திருப்புளியால் நெம்பி எடுப்பது தடை. உள்ளே இருக்கும் நூல் ஒன்று அறுந்தால் வெளியில் தெரியாது. ஒரு மாதம் கழித்து நடுரோட்டில் தெரியும்.

கழற்றிய பெல்ட்டைக் கையில் திருப்பிப் பார்க்கச் சொன்னார். வி பெல்ட் பிடிப்பது அடிப்பாகத்தால் இல்லை, இரண்டு சரிவான பக்கங்களால். இந்த பெல்ட்டின் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. மறுபக்கம் கிட்டத்தட்டப் புதுசு. சாய்ந்து ஓடியிருக்கிறது.

இந்த ஆப்பு வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு இந்த வேலையிலேயே ஆகப் பிடித்த விஷயம் இதுதான். ஒரு கயிறோ பட்டையோ உருளையைச் சுற்றும்போது எவ்வளவு பிடிக்கும் என்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் பெயரில் ஒரு சூத்திரம் உண்டு. தழுவும் கோணம் கூடக் கூடப் பிடிப்பு கூட்டல் கணக்கில் ஏறாது, மடங்குக் கணக்கில் ஏறும். உராய்வெண் 0.3 என்று வைத்துக்கொண்டு, பாதிச் சுற்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தட்டைப் பட்டையில் இழுக்கும் பக்கம் தளர்ந்த பக்கத்தைப்போல இரண்டரை மடங்கு விசை தாங்கும். அதே ரப்பரை 40 டிகிரி ஆப்பாகச் செதுக்கி, அதற்கேற்ற பள்ளத்தில் உட்காரவைத்தால் பதினைந்து மடங்கைத் தாண்டுகிறது. 1917-ல் அமெரிக்காவில் ஜான் கேட்ஸ் ரப்பரில் வி பெல்ட் செய்து விற்க ஆரம்பித்ததும் மோட்டார் உலகம் முழுக்க அதற்கு மாறியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆனால் ஒரு நிபந்தனை. பெல்ட் பள்ளத்தின் பக்கங்களில்தான் சாய வேண்டும், தரையைத் தொடக் கூடாது. தேய்ந்து மெலிந்து தரையில் உட்கார்ந்துவிட்டால் அது வெறும் தட்டைப் பட்டை, பதினைந்து மடங்கு மறுபடி இரண்டரைக்கு இறங்கிவிடும். எப்படித் தெரிந்துகொள்வது? புல்லிப் பள்ளத்தின் அடிப்பாகம் மங்கலாக இருக்க வேண்டும். அங்கே பளபளப்பு தெரிந்தால் பெல்ட்டோ புல்லியோ தேய்ந்துவிட்டது. எங்கள் புல்லிகளில் அடிப்பாகம் மங்கலாகத்தான் இருந்தது. அதனால் புல்லி நல்லது என்று முடிவுகட்டினோம்.

சிந்தாதிரிப்பேட்டையே பெல்ட்டில் பிறந்த ஊர் என்று மேஸ்திரியிடம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். 1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்கு ராமன் என்ற பெரிய வியாபாரியின் தோட்டம் இருந்த இந்த ஆற்று வளைவில், கம்பெனித் துணி வியாபாரத்துக்காக நூற்பவர்களையும் நெய்பவர்களையும் கொண்டுவந்து குடிவைத்தார்கள். கைராட்டையில் பெரிய சக்கரத்திலிருந்து கதிருக்கு ஓடும் கயிறு பெல்ட் அல்லாமல் வேறென்ன? பெரிய சக்கரம், சிறிய கதிர், நடுவில் ஒரு மாலைக்கயிறு, தளர்ந்தால் வழுக்கும். அவர் பீடியை அணைத்துவிட்டு, "அது சரி, வாட்டர் பம்பை சுத்திப் பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். பெல்ட் இல்லாமல் ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுற்றிப் பார்ப்பதுதான் இந்த வேலையின் இதயம். பெல்ட் மாற்றுகிற அவசரத்தில் பலரும் செய்யாமல் விடுவதும் இதைத்தான். அதற்கு முன்னால் பெல்ட் இல்லாமலே இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பேட்டரி விளக்கு எரிந்தது, சத்தம் எதுவும் இல்லை. சத்தம் இந்த மூன்று புல்லி வட்டத்துக்குள்தான், இன்ஜினுக்குள் இல்லை என்பது உறுதி. வாட்டர் பம்ப் ஓடாததால் அரை நிமிஷத்தில் அணைத்துவிட வேண்டும், அதுவும் இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும்தான்.

வாட்டர் பம்ப் புல்லி சத்தமில்லாமல் சுற்றியது. முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இல்லை. பம்புக்குக் கீழே கசிவுத் துளை ஒன்று இருக்கும். அதன் வழியாகக் கூலன்ட் வடிந்த தடமும் இல்லை. ஆல்டர்னேட்டர் புல்லியைச் சுற்றியபோது விரலிலேயே கரகரப்பு தெரிந்தது. திருப்புளியில் கேட்டது இதுதான். ஒர்க்‌ஷாப்பில் சத்தத்தை அடக்க பெல்ட்டை வீணைத் தந்தி போல முறுக்கி வைத்திருந்தார்கள். அந்த இழுப்பை இரவும் பகலும் தாங்கியது இந்த பேரிங்தான்.

அப்புறம் ஆல்டர்னேட்டரின் உடம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டச் சொன்னார். ஆடியது. கீல் போல்ட் போகும் காதின் துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. உள்ளே இருந்த புஷ் தேய்ந்து தகடாகிவிட்டது. மேஸ்திரி ஒரு ஸ்டீல் ஸ்கேலை கிராங்க் புல்லி முகத்திலும் வாட்டர் பம்ப் புல்லி முகத்திலும் ஒட்டி வைத்தார், இரண்டும் நேர். ஆல்டர்னேட்டரை இறுக்கும் நிலைக்கு இழுத்ததும் அதன் புல்லி தலையைச் சாய்த்தது. ஸ்கேலுக்கும் அதற்கும் நடுவில் தீக்குச்சி நுழைகிற இடைவெளி.

முழுக் கதையும் அப்போதுதான் கோவையாக வந்தது. புஷ் தேய்ந்ததால் இறுக்க இறுக்க ஆல்டர்னேட்டர் சாய்கிறது. சாய்ந்ததால் பெல்ட் ஒரு பக்கமாக உரசி கீச் கீச். அந்தத் தேய்மானத்தோடு அதிர்ந்து அதிர்ந்து போல்ட் தளர்கிறது, தளர்ந்ததும் கீ. புது பெல்ட் போட்டால் பக்கங்கள் தேயும்வரை பிடிக்கும், அதனால் சில வாரம் அமைதி. யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் பெல்ட்டைச் சுற்றி இருப்பது எதையும் ஆட்டிப் பார்க்கவில்லை.

ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றியே ஆக வேண்டும். ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கும் தடிமனான ஒயர் நேரே பேட்டரியிலிருந்து வருவது. ஸ்பேனர் அதையும் இன்ஜின் உடம்பையும் சேர்த்துத் தொட்டால் பொறி பறக்கும்.

பக்கத்துத் தெரு லேத்தில் அந்தக் காதை வட்டமாகக் குடைந்து, புது ஸ்டீல் புஷ் கடைந்து, அழுத்தி ஏற்றிக் கொடுத்தார்கள். புது ஆல்டர்னேட்டர் விலையோடு ஒப்பிட்டால் கூலி ஒன்றுமே இல்லை. சென்னையில் இப்படிக் கடைந்து கொடுக்கிற லேத்துகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஷோரூம்களில் 'அசெம்ப்ளி மாத்திடுங்க' என்பது எளிதான வார்த்தையாகிவிட்டது. மாற்றுவதற்குத் திறமை தேவையில்லை, கடைவதற்குத் தேவை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

புதுப்பேட்டையில் பேரிங்கும் பெல்ட்டும் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்டேன். மேஸ்திரி இதில் கறார். பிராக்கெட், புல்லி, போல்ட் மாதிரி இரும்புச் சாமான் பழசு வாங்கலாம், கண்ணால் பார்த்தால் தெரியும். ரப்பரும் பேரிங்கும் பழசு வாங்கக் கூடாது, அவற்றின் வயது வெளியில் தெரியாது. பேரிங்கை அதன் பக்கவாட்டில் பொறித்த எண்ணைப் பார்த்துப் புதுசாக வாங்கினோம். பெல்ட்டுக்கும் அப்படித்தான், பழைய பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட அளவுதான் சாட்சி. இப்போதைய கார்களில் அகலமான வரி பெல்ட் வருகிறது. அதில் 4 பி.கே. 850 என்று இருந்தால் நாலு வரி, 850 மில்லிமீட்டர் நீளம் என்று அர்த்தம். 'அதேதான் சார், இது பத்து எம்.எம். கூட, பரவால்ல' என்று கடைக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டும். நான் வாங்கியது மதுரைத் தயாரிப்பு. கோச்சடை ஃபென்னர் ஆலையைத் தாண்டித்தான் என் சித்தி வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு விசேஷக் காரணம் இல்லை.

பழைய ரப்பர் பெல்ட்டுகள் வயதானால் வெடிப்பு விடும், பார்த்ததும் தெரியும். இப்போது வரும் இ.பி.டி.எம். ரப்பர் லேசில் வெடிக்காது. டயர் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், பார்க்க நன்றாகவே இருக்கும். வெடிப்பு இல்லை, அதனால் நல்ல பெல்ட் என்ற தீர்ப்பு இனிமேல் செல்லாது. வரிகளின் ஆழத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மாட்டுகிற வேலையை முழுக்க என்னிடம் விட்டார். மூன்று புல்லிப் பள்ளங்களிலும் படிந்திருந்த துருவை மெல்லிய எமரி தாளால் தேய்த்து, துணியால் துடைத்தேன். மழையில் நாள்கணக்காக நிற்கிற வண்டிகளில் இந்தத் துருவே புது பெல்ட்டை அரைத்துவிடும். பெல்ட்டைக் கையால் மாட்டி, ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கம் நெம்பினேன். நெம்புகோலை அதன் முன்பக்கத்துக் கனமான உலோகத்தில்தான் கொடுக்க வேண்டும், நடு உடம்பில் கொடுத்தால் அலுமினியம் விரிசல் விடும். எவ்வளவு இறுக்கம்? சுசுகி இன்ஜின்களுக்குச் சொல்லும் அளவு, இரண்டு புல்லிகளுக்கு நடுவே சுமார் 10 கிலோ அழுத்தம் கொடுத்தால் பெல்ட் 6 முதல் 9 மில்லிமீட்டர் வரை உள்வாங்க வேண்டும். 10 கிலோ என்பது கட்டைவிரலுக்கு எவ்வளவு என்று தெரியாமல், வீட்டு எடை மெஷினை சுவரில் சாய்த்துக் கட்டைவிரலால் அழுத்திப் பழகினேன். மேஸ்திரி சிரித்தார். ஆனால் அடுத்த முறை பட்டறைப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அதே மெஷினை எடுத்துவரச் சொன்னார்.

முதலில் பட்டையில் இருக்கும் போல்ட்டை இறுக்கி, பிறகு கீல் போல்ட்டை இறுக்கி, ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒட்டின. ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி அழுத்திப் பார்த்தேன், கொஞ்சம் தளர்ந்திருந்தது. புது பெல்ட் பள்ளத்தில் படிந்து உட்காரும்போது அப்படித்தான். இன்னொரு முறை இறுக்கம் சரிசெய்தேன். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தோம். இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14-ஐ ஒட்டி. ஹெட்லைட் போட்டும் பெரிதாக இறங்கவில்லை. சத்தம் இல்லை. தண்ணீர் அடித்தோம், அப்போதும் இல்லை.

இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தடுப்பு காணவில்லை. எந்த ரிப்பேரிலோ கழற்றி, திருப்பி மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். சக்கரம் வாரியடிக்கும் மழைத் தண்ணீர் நேரே பெல்ட் மேல் விழுந்துகொண்டிருந்தது. புதுப்பேட்டையில் பழைய தடுப்பு ஒன்று கிடைத்தது. பிளாஸ்டிக் பழசு வாங்கலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டுதான் வாங்கினேன்.

சோப்பு, பவுடர், மெழுகு பற்றி. அந்தக் காலத்து அரிசி மில்களில் தோல் பட்டைகளுக்குப் பிசின் தடவுவார்கள், அது அந்தப் பட்டைக்கான பராமரிப்பு. அதே பழக்கம் ரப்பருக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சோப்பும் பவுடரும் பெல்ட்டில் படிந்து சத்தத்தைக் கொஞ்ச நேரம் விழுங்கும். காய்ந்ததும் தூசியைச் சேர்த்துப் பள்ளத்தை அடைத்துவிடும். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிப்போகும், பிடிப்பு அடியோடு போகும். மேஸ்திரி பெல்ட்டில் பவுடர் வாசனை அடிக்கும் வண்டிகளை முகர்ந்தே கண்டுபிடிக்கிறார்.

ஆல்டர்னேட்டரின் கரகரப்பை யாரும் கேட்காமலே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். பேரிங் ஒரு நாள் இறுகிப் பிடிக்கும், புல்லி நிற்கும், பெல்ட் அதன்மேல் எரிந்து அறுந்துவிடும். பழைய கார்களில் பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்குதான் முதலில் எரியும். பேட்டரி தீரும்வரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். எங்கள் வண்டி மாதிரி வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடும் கார் வைத்திருப்பவர்கள் அந்த ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம். பம்ப் நின்றால் அண்ணா சாலை நெரிசலில் சில நிமிஷத்திலேயே இன்ஜின் கொதித்துவிடும். ஓட்டும்போது பேட்டரி விளக்கு எரிந்தால் வெப்பமானியைப் பாருங்கள். முள் ஏறுகிறது என்றால் அங்கேயே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். வண்டியை இழுத்துப் போகிற கூலி, ஹெட் கேஸ்கெட் மாற்றுகிற செலவைவிட எப்போதும் குறைவு.